கரையுது சரி, எங்கே போகுது?

பெங்களூர் பீன்யாவில் பேக்கேஜிங் தொழிலில் இருப்பவர்கள் இந்த வித்தையை ஒரு தடவையாவது பார்த்திருப்பார்கள். விற்க வந்தவர் பையிலிருந்து ஒரு கவரை எடுப்பார், மாவுச்சத்தில் செய்தது, மக்கிவிடும், சாப்பிடக்கூடச் செய்யலாம் என்பார், கத்தரியால் ஒரு துண்டு வெட்டுவார், கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கலக்குவார், கவர் காணாமல் போய்விடும். அப்புறம் அந்தத் தண்ணீரை மடக்கென்று குடித்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். பக்கத்தில் நிற்கும் முதலாளி கை தட்டாத குறைதான்.

உணவுப் பொட்டலத்துக்கான ஃபிலிம்களைச் சோதிப்பது என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், அந்தக் கிளாஸ் தண்ணீர் எதையும் நிரூபிப்பதில்லை. பாலிவினைல் ஆல்கஹால் என்று ஒன்று இருக்கிறது, சுருக்கமாக பிவிஏ. பெட்ரோலிய வழியில் வரும் செயற்கைப் பொருள், அதுவும் இப்படித்தான் கரையும். வாஷிங் மெஷினில் அப்படியே போடும் குட்டி சோப்புப் பொட்டலத்தின் மேலே இருக்கும் தோல் அதுதான். சில மாத்திரைகளின் மேல்பூச்சிலும் சேர்க்கிறார்கள், அதனால் ஒரு மடக்கு குடித்தவருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கரைவது வேறு, மக்குவது வேறு. உப்பைத் தண்ணீரில் கரைத்தால் கண்ணுக்குத் தெரியாது, உப்பு அங்கேயேதான் இருக்கும். பிவிஏவைத் தின்னப் பழகிய நுண்ணுயிர்கள் இருக்கிற சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால் அது சிதையும். இல்லாவிட்டால் தண்ணீரோடு தண்ணீராகப் போய்க்கொண்டே இருக்கும். பெல்லந்தூர் ஏரியின் சாக்கடை நுரை ரோட்டில் பறந்ததைப் பார்த்த ஊர் இது, இங்கே எல்லாச் சாக்கடையும் ஒழுங்காகச் சுத்திகரிப்புக்குப் போகிறது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியார், "டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டுப் பாருங்களேன், மாவுச்சத்து என்றால் கருநீலமாகுமே" என்றார். ஆகும். சில சமயம் பிவிஏவும் அயோடினோடு சேர்ந்து நீலம் காட்டும், அதனால் வீட்டுச் சோதனையை நம்பி ஏமாற வேண்டாம். விற்பவரிடம் காகிதம் கேளுங்கள். மக்கும் பிளாஸ்டிக் என்றால் ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 சோதனையும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழும் வேண்டும். சாப்பிடலாம் என்று விற்றால் அது உணவு, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் உரிமம் வேண்டும். பாதிப் பேர் இந்த இடத்தில் "அடுத்த வாரம் மெயில் பண்றேன் சார்" என்று எழுந்துவிடுவார்கள்.

இதில் எனக்குப் பாடம் எடுத்தது அல்சூரில் இருக்கும் ஒரு அக்கா. வேலூர்ப் பக்கத்துக்காரர். பி.ஜி.யில் தங்கி வேலைக்குப் போகும் நம்மூர்ப் பசங்களுக்காக ரசப்பொடி, பருப்புப்பொடி எல்லாம் ஒரு வேளைக்கு ஒன்று என்று சின்னச் சின்ன பாக்கெட்டாகப் போட்டு விற்கிறார். "தம்பி, மாசம் ஆறாயிரம் பாக்கெட்டு போடுறேன். பொடி வயித்துக்குள்ள போயிடுது, ஆறாயிரம் கவர் எங்க போவுது?" என்று கேட்டார்.

சாஷே என்கிற இந்தக் குட்டிப் பாக்கெட் யோசனையே நம் கடலூரில் வளர்ந்ததுதான். சின்னி கிருஷ்ணன் ஆரம்பித்து வைத்தார், 1983இல் அவர் மகன் ரங்கநாதனின் சிக் ஷாம்பு அதைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனது. ஏழைக்கும் ஷாம்பு கிடைத்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குட்டிப் பையில் ரெண்டு மூணு ஃபிலிம் ஒட்டியிருக்கும், பிரிக்க முடியாது, எடையும் கிடையாது, குப்பை பொறுக்குபவர்கள் குனிந்துகூட எடுக்க மாட்டார்கள். 2022 ஜூலை 1 முதல் ஸ்ட்ரா, தட்டு, ஸ்பூன் எல்லாம் தடையானது, ஷாம்பு, மசாலா சாஷே தடையாகவில்லை. கரையும் பேக்கேஜிங்குக்குச் சரியான வேலை இங்கேதான் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றியது, இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

அக்காவின் பாக்கெட்டுக்காக, கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட்டில் ஃபிலிம் போட்டோம். மண்டபம், பாம்பன் பக்கம் கட்டக்கோரை என்பார்களே, அந்தப் பாசியில் இருப்பது. வளைந்து கொடுப்பதற்குக் கொஞ்சம் கிளிசரின். பிப்ரவரியில் ஆரம்பித்தோம். பெங்களூர் காய்ந்து கிடக்கும் மாதம், எல்லாம் அருமையாக வந்தது. பாக்கெட்டோடு எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் ஃபிலிம் கரைந்து பொடி கலந்துவிடும், கத்தரி வேண்டாம், குப்பை இல்லை. அக்காவுக்கு ஒரே சந்தோஷம், சென்னையில் இருக்கும் தங்கைக்கு ஒரு பெட்டி அனுப்பினார். நாலாம் நாள் போன் வந்தது. ஐம்பது பாக்கெட்டும் ஒன்றோடொன்று ஒட்டி அல்வா மாதிரி இருக்கிறதாம். ஜூலை மழையில் எங்களுக்கும் அதே கதி.

காரணம் ரொம்பச் சாதாரணம். தண்ணீரில் கரைய வேண்டுமென்றால் அதற்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும், தண்ணீர் பிடித்த ஃபிலிம் காற்றிலிருக்கும் ஈரத்தை மட்டும் வேண்டாம் என்று சொல்லுமா? எண்ணெயை அது நன்றாகத் தடுக்கும், காய்ந்திருக்கும்வரை ஆக்ஸிஜனையும் தடுக்கும், அதனால் பொடியின் வாசனை போகவே இல்லை. நீராவியிடம்தான் தோற்றுப்போகும். 38 டிகிரி வெப்பம், 90 சதவீத ஈரப்பதம், இந்த நிலையில் சோதித்துப் பார்க்காத எதையும் கடலோர ஊருக்கு அனுப்பக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான், என் வேலையில் அதை விட்டுவிட்டேன்.

சரி, முப்பது முப்பதாக எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடிக் கொடுக்கலாம், டப்பாவைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்றேன். அக்கா ஒரு நிமிஷம் யோசித்தார். "அப்ப பொடிய நேரா டப்பாவுல கொட்டி ஒரு ஸ்பூன் குடுத்தா போதுமே தம்பி, நடுவுல உன் கடற்பாசி எதுக்கு?"

பதில் இல்லை. வீட்டில் சமைப்பவர்களுக்கு இப்போது டப்பாதான் போகிறது. ஆபீஸுக்கு எடுத்துப்போகிற பசங்கள்தான் இன்னும் பாக்கெட் கேட்கிறார்கள்.

சாப்பிடக்கூடிய உறைக்கு இன்னொரு தலைவலி, அதுவே உணவு என்பதால் அதற்கும் ஒரு உறை வேண்டும். பத்துப் பேர் கைபட்டு வருவதை யார் வாயில் போடுவார்கள்? அப்புறம் எதில் செய்தது என்ற கேள்வி. ஜெலட்டின் விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து வருவது, பச்சைப் புள்ளி போட முடியாது. கேசீன் பாலிலிருந்து, கைட்டோசன் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து. ஒவ்வாமை இருப்பவருக்கு உறையும் ஆபத்துதான், லேபிளில் எழுதியே ஆக வேண்டும்.

ஜெயித்த இடங்களைப் பாருங்கள். 2019 லண்டன் மாரத்தானில் ஓடுபவர்களுக்கு பாட்டிலுக்குப் பதிலாக நாட்பிளா நிறுவனத்தின் கடற்பாசி உருண்டைகளில் பானம் கொடுத்தார்கள். வாங்கியவுடன் வாயில் போட்டுக் கடித்துவிடலாம், மாதக்கணக்கில் கடை அலமாரியில் காத்திருக்க வேண்டியதில்லை. ஐஸ்கிரீம் கோனும் அப்படித்தான், நூறு வருஷத்துக்கு மேல் ஓடுகிறது, அதைச் சுற்றுச்சூழல் கண்டுபிடிப்பு என்று யாரும் மேடை போட்டுப் பேசியதில்லை. ஆஸ்பத்திரிகளில் தொற்று உள்ள துணிகளைப் பையோடு மெஷினில் போட கரையும் பிவிஏ பைகள் உண்டு. அது பூமிக்காக இல்லை, நர்ஸ் கை படாமல் இருப்பதற்காக.

மக்கும் கவர் வாங்கும் பெங்களூர்க்காரர்களுக்கு ஒன்று. காலையில் "ஹசி கச, ஒண கச" (ஈரக்குப்பை, உலர்குப்பை) என்று கேட்டு வாங்குகிற பௌரகார்மிகருக்கு, அதாவது துப்புரவுப் பணியாளருக்கு, உங்கள் கவரும் சாதாரண பிளாஸ்டிக்கும் ஒன்றுதான், ஈரக்குப்பையிலிருந்து உருவி எறிந்துவிடுவார், அவர் மேல் தப்பில்லை. அந்தச் சான்றிதழ் சோதனை நடப்பது 58 டிகிரி வாக்கில், தொழிற்சாலை உரக்குவியலில் இருக்கும் சூட்டில். என் மாடியில் இருக்கும் உரப்பானையில் ஒரு கவரைப் புதைத்து வைத்தேன், ஆறு மாதம் கழித்து எடுத்தால் "மக்கும்" என்ற எழுத்தைப் படிக்க முடிந்தது.

போன மாதம் ஆல்ஜினேட் ஃபிலிம்மேல் தேன்மெழுகு மெல்லிசாகப் பூசிப் பார்த்தோம். ஈரம் சற்று தாங்குகிறது, மெழுகு 62, 64 டிகிரியில் உருகிவிடும் என்பதால் கொதிக்கிற ரசத்தில் ஃபிலிமும் கரைந்துவிடுகிறது. அக்கா ஒரு கரண்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேலே லேசாக ஒரு படலம் மினுங்கியது. குடித்துவிட்டுச் சொன்னார், "நெய் ஊத்துன மாதிரி இருக்கு தம்பி, ஆனா நெய் வாசனை வரல. பசங்க கேட்டா நான் என்ன சொல்றது?"