கி.மீ. ஒன்று, கடிகாரம் வேறு

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறக்குறைய 2,920 கி.மீ. ஜெட் விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும், ஆக மூன்றேகால் மணி நேரம் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். டிக்கெட்டிலோ நாலேகால் மணிக்குக் குறையாமல் இருக்கும்.

தேடலில் வரும் தூரம், உருண்டையின் மேல் இரண்டு ஊருக்கும் நூல் பிடித்தால் கிடைப்பது. விமானம் ஓடுபாதை பார்த்திருக்கும் திசையில் எழும்பி, வளைந்து, பிறகுதான் தன் வான்தடத்தைப் பிடிக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த 900 வேகம் கிடையாது. டிக்கெட்டில் இருப்பதும் பறக்கும் நேரம் மட்டுமல்ல. கேட்டிலிருந்து நகர்ந்தது முதல் அங்கே கேட்டில் நிற்கும்வரை, ஊர்வதும் வரிசையில் காத்திருப்பதும் சேர்ந்த நேரம்.

மனக்கணக்குக்கு, கி.மீ.யை 800-ஆல் வகுத்து 35 நிமிடம் கூட்டுங்கள். சிங்கப்பூருக்கு 4 மணி 14 நிமிடம் வரும். சென்னை–லண்டன் 8,230 கி.மீ.; பதினொரு மணிக்குக் கொஞ்சம் குறைவு. உள்நாட்டில் பறக்கும், விசிறி வைத்த சிறிய ஏ.டி.ஆர். விமானங்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. அவற்றின் வேகமே சுமார் 500 தான்.

லண்டனிலிருந்து திரும்பும்போது பெரும்பாலும் நேரம் குறையும். பூமி சுழல்வதால் ஊர் நம்மை நோக்கி வருகிறது, அல்லது விலகிப் போகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் விளக்கத்தை நம்ப வேண்டாம். காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. காரணம், சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்று. குளிர்காலத்தில் அது இன்னும் வலுக்கும். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா டெல்லி–சான்பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் வழியே அனுப்பியது. தூரம் 1,400 கி.மீ. கூடி 15,300 ஆனது. ஆனாலும் பதினாலரை மணி நேரத்தில் போய்விட்டது, காற்று முதுகில் தள்ளியதால்!

வான்வெளி மூடப்பட்டால் கதை தலைகீழ். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின் ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீண்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டதும் டெல்லியிலிருந்து மேற்கே போகும் பயணங்கள் நீண்டன. ஆகவே பழைய டிக்கெட்டைப் பார்த்து நேரம் சொல்லாதீர்கள்.

அதிகம் பணம் போவது தேதியைத் தப்பாகக் கணக்கிடுவதில்தான். டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரமும் அந்தந்த ஊர் நேரம். சென்னையில் இரவு 11.15-க்கு ஏறினால் சிங்கப்பூரில் காலை 6 மணி. கழித்தால் வரும் ஆறே முக்காலில் இரண்டரை மணி நேரம் கடிகார வித்தியாசம். ஹோட்டல் அறையோ பிற்பகலில்தான் கிடைக்கும், முந்தின இரவுக்கும் சேர்த்துப் பதிவு செய்திருந்தால் ஒழிய. டெல்லியில் கோடைக்காலத்தில் அதிகாலை 4 மணிக்கு ஏறி, பதினைந்தரை மணி நேரம் பறந்தாலும் சான்பிரான்சிஸ்கோவில் அதே தேதி காலை 7 மணிதான். மறுநாளுக்கு அறை போட்டவர் லாபியில் உட்கார வேண்டியதுதான்.

வழியில் விமானம் மாறிப் போக இரண்டு தனித்தனி டிக்கெட் எடுப்பவர்கள் கவனிக்க: முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறினால், அந்த இரண்டாவது விமான நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. பெட்டியையும் நீங்களே எடுத்து, குடியேற்றச் சோதனை தாண்டி, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். பன்னாட்டு கவுன்ட்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். நாலு மணி நேர இடைவெளிக்குக் குறைந்து எடுக்காதீர்கள். டெர்மினல் மாற வேண்டியிருந்தால் ஐந்து.