ஃபார்ம் ஃபேக்டர் என்றால் வடிவளவு

கணினியின் பாகங்கள் எல்லாம் இணையும் மதர்போர்டின் விவரப் பட்டியலில் ‘ஃபார்ம் ஃபேக்டர்: ஏடிஎக்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். போர்டின் நீள அகலம்தானே என்று பலரும் நினைத்துக்கொள்வார்கள். அது பாதிதான் சரி. திருகுத் துளைகள் எங்கே வரவேண்டும், யூஎஸ்பி முனைகள் கேபினட்டின் எந்தத் திறப்புக்கு நேராக நிற்கவேண்டும், கூடுதல் கார்டுகளைச் செருகும் ஸ்லாட்டுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதும் இதில் அடங்கும். யாரோ செய்த போர்டு வேறு யாரோ செய்த கேபினட்டில் உட்காருவது இதனால்தான்.

சொல்லின் இரண்டு பாதியும் லத்தீன் வழி வந்தவை. ‘ஃபோர்மா’ வடிவம், ‘ஃபேக்டர்’ செய்பவன். மின்பொறியியலில் இதே தொடர் ஒரு எண்ணைக் குறிக்கும்: மாறுமின்னோட்டத்தின் ஆர்எம்எஸ் மதிப்பை (வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம்) குறி பாராமல் எடுத்த சராசரியால் வகுத்தால் கிடைப்பது, சைன் அலைக்குச் சுமார் 1.11. அங்கே ‘காரணி’ பொருந்தும். கணினியில் வகுக்கவும் பெருக்கவும் ஒன்றுமில்லை. ‘படிவக் காரணி’ என்று சொல்லுக்குச் சொல் வைத்தால், ஏதோ விண்ணப்பப் படிவம் நிரப்பச் சொல்வதுபோல் இருக்கிறது.

1984இல் ஐபிஎம் பிசி ஏடி வந்தது. அதன் போர்டைப் பார்த்து மற்றவர்களும் செய்ய, ‘ஏடி’ ஒரு வடிவளவின் பெயராகிவிட்டது. அதில் பவர் இரண்டு தனிச் செருகிகளில் வரும். கறுப்பு வயர்கள் நடுவில் ஒட்டி நிற்கும்படி செருகவேண்டும். மாற்றிச் செருகினால் போர்டு போய்விடும். இன்டெல் 1995இல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ், தப்பாகச் செருக முடியாத ஒரே 20 முனைச் செருகியை வைத்தது.

ஏடிஎக்ஸ் போர்டு 305 × 244 மி.மீ. நீளவாக்கில் பள்ளிக்கூட ஸ்கேல் அளவு. ஸ்லாட்டுகள் அதிகபட்சம் ஏழு, ஒன்றுக்கொன்று 20.32 மி.மீ. தள்ளி இருக்கும். கீழிருந்து மூன்று ஸ்லாட்டை வெட்டினால் ஏறக்குறைய 61 மி.மீ. குறையும், மிஞ்சுவது 244 × 244. அதுதான் 1997இல் வந்த மைக்ரோ ஏடிஎக்ஸ். 244 என்பது உச்ச அளவு மட்டுமே. விலை குறைந்த போர்டுகளில் அகலத்தையும் குறைத்துவிடுவார்கள், வலது ஓரத்துத் துளைகள் இருக்காது. பின்னாளில் 24 முனையாகிவிட்ட பவர் செருகியை அந்தப் பக்கம் அழுத்தும்போது போர்டு வளையும். அடியில் விரல் கொடுத்துக்கொள்வது நல்லது.

வியா நிறுவனம் 2001இல் தந்த மினி ஐடிஎக்ஸ் 170 × 170 மி.மீ., ஒரே ஸ்லாட். அதன் நான்கு துளைகளும் ஏடிஎக்ஸ் துளைகளின் இடத்திலேயே இருப்பதால் பெரிய கேபினட்டிலும் மாட்டலாம். 2004இல் வந்த பிடிஎக்ஸுக்கு அந்த வசதி இல்லை. காற்றோட்டத்துக்காக உள் அமைப்பையே மாற்றிவிட்டார்கள். பழைய கேபினட்டில் மாட்ட முடியாமல் அது சில ஆண்டுகளிலேயே ஓய்ந்தது.

மதர்போர்டுக்குத் தாய்ப்பலகை என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ஃபார்ம் ஃபேக்டருக்கு என் தேர்வு ‘வடிவளவு’: வடிவு, அளவு இரண்டும் சேர்ந்தது. துளைகளின் இடம்வரை அந்தச் சொல்லே காட்டாதுதான். ஆனால் ஆங்கிலச் சொல்லும் காட்டவில்லையே. தரநிலையைக் குறிக்க ‘வடிவளவுத் தரம்’ எனலாம்.

தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கும் இதே சொல் போதும். எம்.2 2280 வடிவளவு என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். அளவு சரியாக இருந்தும், என்விஎம்இ முறையை மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா முறை எஸ்எஸ்டி ஓடாது. அது இணைப்பு முறையின் விவகாரம், வடிவளவு அதற்குப் பொறுப்பல்ல.