வெள்ளையாக ஒட்டியிருப்பதெல்லாம் மாவுப்பூச்சி அல்ல

போன பங்குனியில் வடவள்ளியிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். "தம்பி, செம்பருத்தி பூராவும் பஞ்சு பஞ்சா ஒட்டிக்கிட்டிருக்குது. ரெண்டு தடவை மருந்து அடிச்சாச்சு. போற மாதிரி போயிட்டுத் திரும்ப வந்துடுது." கோவையில் வீட்டுத் தோட்டங்களைப் பராமரித்துக் கொடுப்பதுதான் என் தொழில். வெயில் காலத்தில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இந்த மாவுப்பூச்சியைப் பற்றித்தான்.

போய்ப் பார்த்தேன். கொழுந்தெல்லாம் சுருண்டு, காம்பே தெரியாத அளவுக்கு வெள்ளை. தண்டில் எறும்பு வரிசை. செடிக்கடையில் கொடுத்த பாட்டிலை எடுத்துவந்து காட்டினார். இமிடாகுளோப்ரிட். செடிக்குள் ஊறி, சாறோடு சேர்ந்து பரவும் வகை. இலைக்குப் போவது பூந்தேனுக்கும் போகும். தேனீக்களுக்கு இதனால் வரும் கேட்டைப் பார்த்துத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் திறந்தவெளியில் இதைப் பயன்படுத்தத் தடை போட்டது. இங்கேயோ, அந்தச் செம்பருத்திக்குத் தினமும் காலையில் தேன்சிட்டு வருகிறது. அதே செடியின் இலையை அரைத்துத்தான் பேத்தியின் தலைக்குத் தேய்க்கிறார்கள். இதைச் சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது. இதையெல்லாம் விற்பவர்கள் சொல்ல வேண்டும் என்பது என் ஆதங்கம்.

சரி, மருந்தடித்தும் ஏன் திரும்ப வருகிறது? மாவுப்பூச்சியின் உடம்பு முழுக்க மெழுகு. முட்டைகள் பஞ்சுப் பைக்குள் பத்திரமாக இருக்கும். மருந்தில் கொஞ்சம் சாகும், மிச்சம் பிழைத்துக்கொள்ளும். அதைப் பிடித்துத் தின்ன வரும் பூச்சிகளும் குட்டிக் குளவிகளும்தான் முதலில் அழியும். அப்புறம் தட்டிக்கேட்க ஆளில்லாமல் மாவுப்பூச்சி பெருகும்.

மருந்து எட்டாத சுவர்ப்பக்கக் கிளை ஒன்றை வளைத்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வெள்ளைக் கூட்டத்துக்கு நடுவே கொஞ்சம் பெரிதாக, நீள நீளமாக வெள்ளைக் குஞ்சம் தொங்க ஒன்று விறுவிறுவென்று நடந்தது. பார்த்தால் மாவுப்பூச்சிக்கு அண்ணன் மாதிரி இருக்கும். ஆனால் அது ஒரு பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சிதான் அதற்குச் சாப்பாடு. பெரும்பாலானவர்கள் இதைத்தான் முதலில் நசுக்குகிறார்கள். பக்கத்திலேயே முதுகில் மாவைப் பூசிக்கொண்டு குண்டாக இன்னொரு புழு. இது ஒரு சின்னப் பழுப்பு வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. இலை தின்னாது, மாவுப்பூச்சியைத் தின்று வளரும். இலையடியில் அதன் கூட்டுப்புழு ஒன்றும் ஒட்டியிருந்தது. மிளகு அளவுதான் இருக்கும். கண், மூக்கு, வாய் எல்லாம் வைத்து அச்சு அசலாகக் குரங்கு முகம். லென்ஸை வாங்கிப் பார்த்த அம்மா, "அடடா, அனுமாருங்க தம்பி!" என்றார்.

கோவைக்காரர்கள் மாவுப்பூச்சியிடம் பட்டது கொஞ்சமில்லை. 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் கண்ணில் பட்டதே இங்கேதான். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று ஈரோடு, திருப்பூர் வரை பரவியது. விவசாயிகள் மருந்து மாற்றி மருந்து அடித்துப் பார்த்தும் அடங்கவில்லை. 2010-ல் பெங்களூரில் உள்ள மத்திய அரசு ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அவற்றைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பெருக்கி, தோட்டம் தோட்டமாக விட்டது. அதில் நன்றாக வேலை செய்த குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கும், குஞ்சு உள்ளிருந்தே அதைத் தின்று முடிக்கும். சில மாதங்களில் பூச்சி அடங்கியது. செடியில் பழுப்பாகக் கெட்டிப்பட்டு, ஒரு வட்டத் துளையோடு காலி மாவுப்பூச்சிக் கூடு தெரிந்தால், குளவி வேலையை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

அந்தக் குளவிக்குத் தேன் வேண்டும், ஒதுங்க இடம் வேண்டும். இந்த அம்மாவின் தோட்டத்தில் கொரியன் புல், குரோட்டன்ஸ், மிச்சமெல்லாம் சிமெண்ட். நம்ம ஊர்ச் செடி என்று சொல்ல ஒரு துளசி, அதிலும் கதிர் வரவர கிள்ளிவிடுகிறார்கள். இரண்டு கிளையையாவது பூக்க விடுங்கள் என்றேன். காம்பவுண்டு ஓரமாக நொச்சி, வெயில் படும் மூலையில் ஆவாரை, கம்பியில் ஏற ஈஸ்வரமூலிக் கொடி வைத்தோம். ஆவாரை இலையில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் முட்டை வைக்கும், ஈஸ்வரமூலியை ரோஜா அழகி வண்ணத்துப்பூச்சிகள் தேடி வரும். புழு இலையைக் கடிக்கத்தான் செய்யும். கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி உட்கார்ந்திருக்கும் புழுவும் அப்படித்தான். இரண்டு கொத்து போனால் போகட்டும், செடி துளிர்த்துக்கொள்ளும்.

செம்பருத்திக்கு அன்று செய்தது இவ்வளவுதான். மோசமான நுனிகளை வெட்டி, நல்ல புழுக்களைக் கவனமாக வேறு கிளைக்கு மாற்றிவிட்டு, வெட்டியதைச் சோப்புத் தண்ணீரில் அமுக்கினோம். மற்ற கிளைகளைக் குழாய்த் தண்ணீரால் வேகமாக அடித்தோம். சுவரைத் தொட்ட கிளையின் நுனியை மட்டும் நறுக்கி எறும்பின் வழியை அடைத்தோம். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், எதிரிகளை விரட்டும். அதனால் இந்த வேலையை விட்டுவிடாதீர்கள். வேப்ப எண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலம், பூச்சி இருக்கும் இடத்தில் மட்டும். செடி முழுக்க வேண்டாம்.

ஆடியில் திரும்பப் போனேன். புதுக் கொழுந்து விட்டிருந்தது. சுவர்ப்பக்கக் கிளையில் மட்டும் இன்னும் கொஞ்சம் வெள்ளை, அதில் ஒரு மஞ்சள் கயிறு. "வேலைக்கு வர்ற பையன் தெரியாம வெட்டிடப் போறான்னு கட்டி வெச்சேன். அனுமார் கிளைங்க அது" என்றார்.