கடைசி நாட்களில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டுமா?

"தண்ணீர்கூட இறங்கவில்லை, ஒரு பாட்டில் டிரிப்ஸாவது ஏற்றுங்கள்." நோய் முற்றி, நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் நிலையில் குடும்பத்தார் பெரும்பாலும் கேட்பது இதைத்தான். படுத்திருப்பவர் தாகத்தில் தவிப்பாரோ என்ற பயம் நியாயமானது. ஆனால் இதை ஆய்வு செய்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வலிதணிப்பு மருத்துவரான எடுவார்டோ புருவேராவின் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் முற்றிய புற்றுநோயுள்ள 129 பேர் இருந்தார்கள். ஒரு பிரிவினருக்கு தினமும் 1 லிட்டர் சலைன், மற்றவர்களுக்கு வெறும் 100 மி.லி. யாருக்கு எது ஏறுகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிட்டவருக்கும் தெரியாது. களைப்பு, தூக்கக் கலக்கம், மனக்குழப்பம், தசைத் துடிப்பு எதிலும் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. ஆயுளும் நீளவில்லை.

கெடுதலும் வரலாம். இதயமும் சிறுநீரகமும் ஓய்ந்துவரும்போது உள்ளே போன நீர் வெளியேற வழியில்லாமல் கால் வீக்கமாகவும் நுரையீரலில் நீராகவும் தங்கிவிடும். ஆனால் வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்தத்தில் கால்சியம் கூடுதல் போன்ற சரிசெய்யக்கூடிய காரணத்தால் ஒருவர் துவண்டிருந்தால் டிரிப்ஸ் பலன் தரும். ஆகவே மருத்துவரிடம் "ஏற்றலாமா" என்று மட்டும் கேட்காமல், "எதைச் சரிசெய்ய ஏற்றுகிறோம், எப்போது நிறுத்துவோம்" என்று கேளுங்கள்.

தாகம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் வாய் வறட்சி. வாயால் மூச்சு விடுவதும் சில மருந்துகளுமே வாயைக் காயவைக்கின்றன. டிரிப்ஸ் அதைத் தீர்க்காது. நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி அல்லது ஸ்பாஞ்சால் ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை உதடு, ஈறு, நாக்கைத் துடையுங்கள். எலுமிச்சை கலந்த கிளிசரின் குச்சிகள் வேண்டாம், வறட்சியை அவை கூட்டிவிடும். நாக்கில் வெள்ளைப் படலம் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மருந்துண்டு. நினைவு தெளிவாக இருந்தால் தலையை உயர்த்திச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தரலாம். நினைவில்லாதவர் வாயில் கரண்டியால் ஊற்றுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

அடுத்த பயம் தொண்டையில் வரும் கரகர சத்தம். விழுங்கவோ இருமவோ பலமில்லாததால் தேங்கிய சுரப்பின் மேல் காற்று உரசுவதே அது. பெரும்பாலும் அந்த நேரத்தில் நோயாளிக்கு நினைவிருக்காது. வேதனை பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் சத்தம் குறையும். குழாய் விட்டு அடிக்கடி உறிஞ்சுவது தொண்டையைப் புண்ணாக்கும். 2021-இல் வெளியான டச்சு ஆய்வில், சத்தம் தொடங்கும் முன்பே சுரப்பைக் குறைக்கும் பியூட்டைல்ஸ்கோபோலமைன் ஊசி போடப்பட்டவர்களில் 13 சதவீதம் பேருக்கும், போலி ஊசி பெற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கும் சத்தம் வந்தது. சத்தம் வந்த பிறகு கொடுத்தால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் பலவீனம். (மரணப் படுக்கையில் இருப்பவரிடம் ஒப்புதல் வாங்க முடியாது என்பதால், தெளிவாக இருக்கும்போதே கேட்டு வாங்கி நடத்திய ஆய்வு இது. இத்துறையில் நல்ல ஆய்வுகள் குறைவாக இருப்பதற்கு இந்தச் சிக்கலும் ஒரு காரணம்.)

ஆக்சிஜனும் அப்படியே. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மிகவும் குறையாத, ஆனால் மூச்சுத்திணறல் தீராத 239 பேரிடம் அமெரிக்க மருத்துவர் ஏமி அபெர்னத்தியின் குழு 2010-இல் ஒப்பிட்டபோது, மூக்குக்குழாய் வழியே வந்த ஆக்சிஜன் சாதாரணக் காற்றைவிட மேலான ஆறுதல் தரவில்லை. முகத்தை நோக்கிப் பிடித்த சிறு கைவிசிறி, சற்று நிமிர்த்திய படுக்கை, மருத்துவர் அளவிட்டுத் தரும் மார்ஃபின் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

இன்னும் எத்தனை நாள் என்பதற்கு யாரிடமும் துல்லியமான பதில் இல்லை. 2000-இல் வந்த ஓர் ஆய்வில் 468 நோயாளிகளின் ஆயுளை மருத்துவர்கள் கணித்ததில் சரியாக அமைந்தது 20 சதவீதமே. 63 சதவீதக் கணிப்புகள் உண்மையில் வாழ்ந்ததைவிட அதிக நாள் சொன்னவை. மணிக்கட்டில் நாடி கிடைக்காமல் போவதும், ஒவ்வொரு மூச்சுக்கும் தாடை அசைவதும் தெரிந்தால் பெரும்பாலும் மூன்று நாட்களுக்குள் முடிவு வரும். இந்த அறிகுறிகள் இல்லாததை வைத்து அவகாசம் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. வெளியூரில் இருப்பவர்களை முன்பே அழைத்துவிடுங்கள்.