ஒரே ரத்தம், இரண்டு விடைகள்: 1.159 என்ற பெருக்கெண்

அமெரிக்காவில் அண்மைக்காலம் வரை பல ஆய்வகங்கள் தந்த சிறுநீரகப் பரிசோதனைத் தாளில் ஒரே ரத்தத்துக்கு இரண்டு விடைகள் அச்சாகும். ‘ஆப்பிரிக்க அமெரிக்கர் எனில்’ என்று ஒரு வரி, ‘மற்றவர் எனில்’ என்று இன்னொன்று. முதல் வரியின் எண்தான் எப்போதும் பெரியது.

தசைகளிலிருந்து அன்றாடம் ரத்தத்தில் கலக்கும் கிரியேட்டினினைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுகிறது. வடிகட்டல் குறைந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகிறது என்று நேரடியாக அளப்பது சிரமம். அதனால் கிரியேட்டினின், வயது, பாலினம் மூன்றையும் சமன்பாட்டில் போட்டு மதிப்பிடுகிறார்கள். இதுதான் இ.ஜி.எஃப்.ஆர். (eGFR). எண் பெரியது என்றால் சிறுநீரகம் நன்றாக வடிகட்டுகிறது என்று பொருள்.

1999-இல் வந்த சமன்பாட்டில் இனமும் சேர்ந்தது. ஆய்வில் இருந்த கறுப்பினத்தவருக்கு, அதே வடிகட்டல் திறனிலும் கிரியேட்டினின் சராசரியாகச் சற்றுக் கூடுதலாக இருந்தது. தசை அதிகம் என்று காரணம் சொன்னார்கள். 2009 சமன்பாட்டில் அந்தச் சராசரி, கறுப்பினத்தவரின் விடையைக் கூட்டிக் காட்டும் 1.159 என்ற பெருக்கெண்ணாக நின்றது. ஒல்லியான கறுப்பின முதியவருக்கும் இந்தப் பெருக்கல் உண்டு, கட்டுமஸ்தான வெள்ளையருக்குக் கிடையாது. தாய் ஓர் இனம், தந்தை ஓர் இனம் என்றால் எந்த வரியைப் படிப்பது என்பதற்குச் சமன்பாட்டில் விடையே இல்லை.

50 வயது ஆண்கள் இருவருக்கு கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 3.4 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 2009 சமன்பாடு வெள்ளையருக்கு 19.9 என்று தரும், கறுப்பினத்தவருக்கு 23.1 என்று. மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் காத்திருப்பு நாள் எண்ணத் தொடங்குவது, இந்த எண் 20 அல்லது அதற்குக் கீழே வந்த பிறகு, இல்லையென்றால் டயாலிசிஸ் தொடங்கிய பிறகு. முதலாமவருக்கு இன்றே கணக்கு ஓடலாம். இரண்டாமவரின் கிரியேட்டினின் 3.8-ஐத் தாண்டியாக வேண்டும். சிறுநீரகம் கெட, கெட, அவர் வரிசைக்கு வெளியே நிற்கிறார்.

2021-இல் அமெரிக்கச் சிறுநீரக அமைப்புகள் இனம் இல்லாத சமன்பாட்டைப் பரிந்துரைத்தன. அதில் இருவருக்குமே 21.1 வரும். தசையைப் பெரிதும் சாராத சிஸ்டாட்டின்-சி என்ற ரத்தப் புரதத்தின் அளவையும் சேர்த்துக் கணக்கிட்டால் மதிப்பீடு உண்மைக்கு இன்னும் நெருங்கும். முக்கிய முடிவுக்கு முன் அந்தச் சோதனையையும் எடுப்பதே சரி: கால் அகற்றப்பட்டவர், தசை கரைந்தவர், பரிசோதனைக்கு முன் நிறைய இறைச்சி சாப்பிட்டவர் என எவருக்கும் கிரியேட்டினின் மட்டும் ஏமாற்றும்.

சமன்பாட்டை மாற்றினால் இழந்த ஆண்டுகள் திரும்பாது. ஆகவே 2023 ஜனவரியில், உறுப்பு மாற்று மையங்கள் தங்கள் பட்டியலில் உள்ள கறுப்பின நோயாளிகளின் பழைய ரிப்போர்ட்டுகளைத் தேட வேண்டும் என்ற விதி வந்தது. பெருக்கெண் இல்லாமல் 20-ஐத் தொட்ட முதல் நாளைக் கண்டுபிடித்து, ஆதாரத்தோடு அனுப்பினால் காத்திருப்புக் காலம் அந்தத் தேதிக்குப் பின்னோக்கி நகரும். 2024 மார்ச்சுக்குள் 14,000-க்கும் மேற்பட்டோருக்கு இப்படித் திருத்தினார்கள். மருத்துவத்தில் நடந்த தவறுக்கு இவ்வளவு நேரடியான ஈடு அரிது.

ஆனால் திருத்தத்துக்குப் பழைய தாள் வேண்டும். காப்பீடு இல்லாமல் பரிசோதனைக்கே போகாதவரிடம் அது இருக்காது. 23 என்ற எண்ணைப் பார்த்து ‘இன்னும் நேரம் இருக்கிறது’ என்று மருத்துவர் மையத்துக்கே அனுப்பாமல் விட்டவர், அந்த மையம் புரட்டும் பட்டியலில் இல்லை.