சொல் விளக்கம்: தாவர உண்ணல்

பழனி மலையில் மன்னவனூர்ப் பக்கம் முட்டைக்கோஸ் போட்டவரிடம் கேளுங்கள். "கோசுல புழு விழுந்துருச்சு, இலையெல்லாம் அரிச்சுருச்சு" என்பார். வேலிக்கு அப்பால், புல்வெளியில் இன்னொரு புழு காட்டுப்பூ ஒன்றைத் தின்றுகொண்டிருக்கும். சூழலியலார் அதை 'ஹெர்பிவோரி' என்பார்கள். லத்தீனில் 'ஹெர்பா' புல்பூண்டு, 'வொராரே' விழுங்குதல். தமிழில் 'தாவர உண்ணல்', தின்னும் உயிர் 'தாவர உண்ணி'.

இதைச் சிலர் 'பூச்சித் தாக்குதல்' என்று பெயர்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தாக்குதல் வயலின் சொல். பயிருக்கு உரியவர் ஒருவர் இருந்தால்தான் அது பொருந்தும். புல்வெளியில் அந்தப் புழு வளர்ந்து வண்ணத்துப்பூச்சியாகும், இல்லையேல் நீலகிரி நெட்டைக்காலிக் குருவிக்கு இரையாகும். செடிக்குச் சேதம் உண்மைதான். ஆனால் அங்கே அது பிழைப்பு.

காட்டுமாடு மேய்வதும் தாவர உண்ணல்தான். ஆகவே பூச்சி, நத்தை போன்றவற்றை மட்டும் குறிக்க 'முதுகெலும்பிலித் தாவர உண்ணிகள்' என்று நீட்ட வேண்டியிருக்கிறது. கட்டுரைத் தலைப்புக்கு அது சரி. செடியருகே குனிந்து பார்ப்பவருக்கு நம் வினைச்சொற்களே போதும். வெட்டுக்கிளி இலையோரத்தைக் கறிக்கிறது. கறித்தல் என்றால் கடித்துத் தின்னுதல். புழு அரிக்கிறது. நத்தையின் நாக்கில் வரிசை வரிசையாக நுண்பற்கள் உண்டு, அது அராவுகிறது. அசுவினிப் பூச்சி சாற்றை உறிஞ்சுகிறது, கொழுந்து சுருண்டுபோகிறது. சோற்றையே உண்பன, தின்பன, நக்குவன, பருகுவன என்று பிரித்த மொழிக்கு இது புதிதல்ல.

எங்கே கடிபடுகிறது என்பதுதான் பெரிது. இலை போனால் செடி மறுபடி துளிர்க்கும். இதழ் கிழிந்த பூவுக்குத் தேனீயின் வரவு குறையலாம். மொட்டோ விதையோ போனால் அந்த ஆண்டின் வாரிசே போயிற்று. 12 ஆண்டுக்கு ஒருமுறை, 2006இலும் 2018இலும் கண்டதுபோல், நீலக்குறிஞ்சி ஒரே சமயத்தில் பூத்து விதைப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று இதுவே: தின்பவை எல்லாம் தின்று தீர்த்தாலும் மிஞ்சும் அளவுக்கு விதையைக் கொட்டிவிடுவது.

மொட்டு, காய் தின்பதைப் பார்க்க வேண்டுமானால் கிலுகிலுப்பைச் செடியிடம் போகவேண்டும். மஞ்சள் பூ, உப்பிய காய். பட்டாணி நீலன் என்னும் சின்ன வண்ணத்துப்பூச்சியின் புழு பூவையும் காயையும் குடைந்து தின்னும். சணப்பைக் கம்பளிப்புழுவும் காயைத் துளைக்கும். செடியில் நஞ்சு உண்டு; கம்பளிப்புழு அதைத் தன் உடலில் சேர்த்துவைத்துத் தனக்கே காவலாக்கிக்கொள்ளும்.

காய்ந்த காயைக் காதருகே ஆட்டுவது என் வழக்கம். நல்ல காய் கிலுகிலுக்கும். ஒருமுறை கையில் எடுத்த காயில் சத்தமே இல்லை. திருப்பினேன்: பக்கவாட்டில் குண்டூசித் தலையளவு துளை. பிளந்தேன், உள்ளே கரும்பொடியாய் எச்சம், விதைத்தோல் இரண்டு.