பட்ஜெட்: தோல்பையிலிருந்து பாதீடு வரை

பட்ஜெட் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் முதலில் இருந்த பொருள் தோல்பை. இன்றைய பிரான்ஸ் பகுதியில் இருந்த பழைய 'கால்' (Gaul) நாட்டு மக்களின் மொழியிலிருந்து லத்தீனுக்குப் போன 'புல்கா' என்ற சொல் தோல்பையைக் குறித்தது. அது பிரெஞ்சில் 'பூஜ்' ஆகி, சிறுபை என்ற பொருளில் 'பூஜெட்' ஆகி, 15ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தது. பிறகு பையை விட்டுப் பைக்குள் இருப்பதற்கும் அதுவே பெயரானது. வீங்குவதைக் குறிக்கும் 'பல்ஜ்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான்.

பையில் பணக்கணக்கு நுழைந்தது ஒரு கிண்டலால். 1733இல் பிரிட்டனின் நிதிப் பொறுப்பையும் வைத்திருந்த பிரதமர் ராபர்ட் வால்போல் மதுவுக்கும் புகையிலைக்கும் கலால் வரி கொண்டுவரப் பார்த்தார். அவரை லேகியம் விற்கும் போலி வைத்தியராகச் சித்தரித்து, 'இதோ பையைத் திறந்துவிட்டார்' என்கிற தொனியில் ஒரு துண்டுப் பிரசுரம் வெளிவந்தது. எதிர்ப்பு வலுத்து வரித் திட்டம் கைவிடப்பட்டது. கேலிப்பெயர் மட்டும் நிதியமைச்சர்களை விடாமல் ஒட்டிக்கொண்டது. அதே நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களும் தங்கள் பழைய சொல்லை ஆங்கில உச்சரிப்போடு திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று கோவைக்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் தாக்கல் செய்தார். நிதியமைச்சர்கள் கையில் தோல்பெட்டி வைத்திருக்கும் வழக்கம் பல்லாண்டு நீடித்தது. 2019இல் நிர்மலா சீதாராமன் அதை விட்டுச் சிவப்புத் துணியில் சுற்றிய கணக்குக் கட்டோடு வந்தார். அரசியலமைப்புச் சட்டத்திலோ பட்ஜெட் என்ற சொல்லே கிடையாது. 112ஆம் பிரிவு அதை 'ஆண்டு நிதிநிலை அறிக்கை' என்கிறது. மாநிலங்களுக்கு 202ஆம் பிரிவு.

தமிழ்நாட்டில் சட்டமன்றமும் செய்தித்தாள்களும் நிதிநிலை அறிக்கை என்று எழுதுவது அந்த வழியில்தான். அவையில் வைக்கும் ஆவணத்துக்கு அது சரி. ஆனால் வீட்டுச் செலவுக்கு அதைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே 'வரவு செலவு' என்றாலே போதும்; முன்கூட்டிப் போடுவதாக இருந்தால் வரவு செலவுத் திட்டம். பற்றாக்குறைக்கு நாம் சொல்லும் 'துண்டு விழுகிறது' என்பதை எந்தக் கலைச்சொல் குழுவும் உருவாக்கித் தரவில்லை, அதைவிடப் பொருத்தமாக ஒன்றை அவர்களால் தந்திருக்கவும் முடியாது.

இலங்கைத் தமிழ்ச் செய்திகளைப் படிப்பவர்களுக்குப் பட்ஜெட்டைக் குறிக்கும் 'பாதீடு' பழக்கமான சொல். இங்கே அதைக் கேட்டால் பலர் புருவத்தைத் தூக்குகிறார்கள். அதுவோ தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. பகைவர் மாடுகளைக் கவர்வதைப் பாடும் வெட்சித்திணையின் துறைகளை அடுக்கும் நூற்பா 'தந்துநிறை பாதீடு உண்டாட்டுக் கொடை' என்று போகிறது. கவர்ந்த ஆநிரையை ஊரில் கொண்டுவந்து நிறுத்துவது தந்துநிறை. அதை அவரவர் செய்த வேலையறிந்து பங்கிட்டுக் கொடுப்பது பாதீடு. பாது என்றால் பங்கு. அடுத்து வரும் உண்டாட்டு, கள்ளுண்டு களிப்பது. வரிப்பணத்தைத் துறைவாரியாகப் பிரிப்பதற்கு இந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பதை, மாடுகளைப் பறிகொடுத்தவர் பக்கம் நின்று பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும்!

என் ஓட்டு பாதீட்டுக்கே. மூன்றே எழுத்தில் சுருக்கமாக நிற்கிறது. பாதீட்டு உரை, பாதீட்டுக் குழு, துணைப் பாதீடு என்று ஒட்டுச் சொற்களும் தடங்கலின்றி வருகின்றன. நிதிநிலை அறிக்கையோடு இன்னொரு சொல்லைச் சேர்த்தால் மூச்சு வாங்கும்.

பட்ஜெட் போன், பட்ஜெட் ஹோட்டல் என்னும்போது மட்டும் இவற்றில் எதுவும் உதவாது. அங்கே பட்ஜெட் என்றால் மலிவு, அவ்வளவுதான். கடைக்காரருக்கு மலிவு என்று எழுத மனம் வராவிட்டால் 'சிக்கன விலை' என்று போட்டுக்கொள்ளலாம்.